நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறவன்

ஒரே ஒரு ஊராம், அந்த ஊருக்கு ஒரே ஒரு நாற்காலியாம், நாற்காலியில் ஒரே ஒரு ஜமீன்தாராம், ஜமீன்தாருக்குப் பின்னால் ஒரே ஒருத்தனாம். உம் கொட்டுங்கள், கொட்டினால்தான் கதை நகரும். பின்னால் நிற்கிற அந்த ஒருத்தன் நான். பெயர் வேடியப்பன், இங்கே வேத். ஊர் என்பது வளசரவாக்கத்தில் ஒரு ஸ்டுடியோ, தேக்குத் தூணெல்லாம் தெர்மகோல், நாற்காலி சினிமாக்காரர்களுக்கு வாடகை விடும் கடையிலிருந்து குட்டியானை வண்டியில் வந்து இறங்கியது. ஜமீன்தார் அர்னவ் என்கிற மும்பைப் பையன், வேட்டி நழுவக்கூடாதென்று உள்ளே பெல்ட் போட்டிருக்கிறான். ஈரோட்டு வேட்டிக் கம்பெனி ஒன்றின் பொங்கல் விளம்பரம், ஜமீன் கலெக்‌ஷன். இரண்டு பேர் வேட்டி கட்டி நிற்கும் படம் என்றுதான் என்னிடம் சொன்னார்கள். துணி மாற்றிய பிறகுதான் தெரிந்தது, ஒருத்தன் உட்கார்ந்திருப்பான், இன்னொருத்தன் துண்டை இடுப்பில் கட்டி, கைகளை மார்போடு ஒடுக்கி, முன்னால் சாய்ந்து, உட்கார்ந்தவன் காலடியைப் பார்த்துக்கொண்டிருப்பான் என்று. லைட் பார்ப்பதற்காக ஒரு தடவை நின்று காட்டச் சொன்னார் போட்டோகிராபர் கிளமென்ட். நின்றேன். யோசிக்கவேயில்லை, அதுதான் அரிக்கிறது. சொன்ன மாத்திரத்தில் உடம்பு போய் அந்த இடத்தில் விழுந்துவிட்டது, தோள் இறங்கி, கழுத்து உள்ளே போய், முட்டிகூட அளவாக மடிந்து. கிளமென்ட் கேமராவிலிருந்து தலையை எடுத்து, "அடடா, எவ்ளோ நேச்சுரலா வருது பாருங்க சார் இவனுக்கு!" என்றார். சோபாவில் டீ குடித்துக்கொண்டிருந்த கம்பெனி முதலாளி பூபதி சார், "அதானுங்க வேணும், அப்படியே வெச்சு அடிச்சுருங்க" என்றார். நேச்சுரலாம். எனக்கு நேச்சுரலாக வருவது என்னவென்று இவர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள்.

இப்போது லைட்டை இடம் மாற்றுகிறார்கள், அதுவரை அசையாமல் நிற்கவேண்டும். லைட்மேன் ஏகாம்பரம் அண்ணன் பெரிய வெள்ளைப் பெட்டி விளக்கைத் தூக்கி அர்னவ் பக்கம் திருப்ப, என் பக்கம் நிழல் விழுகிறது. நிழல்தான் எனக்கு, சரி, நிழலில் நின்று பழக்கமில்லாதவனா, ஆனால் நிழலிலும் நிமிர்ந்து நிற்கலாமே. எடையைப் பின்காலில் போடு, முன்கால் முட்டியை லேசாகத் தளர்த்து, கைக்கும் இடுப்புக்கும் நடுவில் காற்று போக வழி விடு, தாடையைக் கொஞ்சம் முன்னால் தள்ளிக் கொஞ்சம் இறக்கு, பாதி மூச்சை விட்டுவிட்டு மீதியை வைத்துக்கொள். இதெல்லாம் ஈக்காட்டுத்தாங்கல் ரூமில் பூட்டு போன பீரோவின் கண்ணாடி முன்னால் போன் பார்த்துப் பார்த்துக் கற்றது. காலையில் ஜிம் ரிசப்ஷனில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கெல்லாம் குட்மார்னிங் சொல்வேன், ரூமுக்கு வந்தால் சுவரில் முதுகை ஒட்டி நிற்பேன், குதிகால், பின்புறம், தோள்பட்டை, பின்தலை, நாலும் சுவரைத் தொடவேண்டும். முதலில் தலை தொடாது. ஒரு சாண் முன்னால் நிற்கும், எங்கேயோ கும்பிடு போடக் கிளம்பியதுபோல. தொட வைப்பதற்குள் கழுத்து நரம்பெல்லாம் கத்திவிட்டது. தூங்கும்போது தலையணை கிடையாது. ஒரு நாள் தொட்டது. சுவரின் குளிர்ச்சி பின்மண்டையில் பட்டபோது சிரித்துவிட்டேன், ரூமில் கூட இருக்கிற பசங்கள், "என்னடா, செவுத்துல லவ்வா?" என்றார்கள். அந்தத் தலையைத்தான் இன்று காலையில் ஒரே விநாடியில் கொண்டுபோய்ப் பழைய இடத்தில் வைத்துவிட்டேன், யாரும் பிடித்து அழுத்தாமலேயே. மேக்கப் போடும் தில்ஷாத் அக்கா வேறு என்னை இன்னும் கறுப்பாக்கியிருக்கிறாள். "ரெண்டு ஷேட் எறக்கச் சொல்றாங்க கண்ணா, தப்பா எடுத்துக்காத" என்றாள். "இதுக்கு மேல எங்கக்கா எறக்குவீங்க?" என்று கேட்டேன். "அதான் எனக்கும் தெரில, பாட்டில்லயே இல்ல" என்று சொல்லி, அடுப்புக்கரி மாதிரி எதையோ குழைத்துப் பூசினாள். கன்னம் இழுக்கிறது. சிரித்தால் விரிசல் விடும்போலிருக்கிறது. சிரிக்கச் சொல்லப்போவதில்லை, அது அர்னவுக்கு.

படம் எங்கே வரும் என்பதுதான் தலைக்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. வாரப் புத்தகத்தில் மட்டும் வந்தால் யாராவது புரட்டிவிட்டுப் போவார்கள். பூபதி சார் காலையில் போனில் பேசிக்கொண்டிருந்தார், சேலத்திலிருந்து கிருஷ்ணகிரி வரை பைபாஸ் முழுக்கப் பெரிய போர்டு வைக்கப்போவதாக. தர்மபுரி பைபாஸும் அதில்தானே வருகிறது. எங்கள் ஊருக்குத் திரும்புகிற இடத்தில் ஒரு இரும்புச் சட்டம் நிற்கிறது, போன தடவை அதில் ஒரு நகைக்கடை இருந்தது, வீடு அளவுக்கு ஒரு கழுத்து. அதில் நான் வருவேன். வீடு அளவுக்கு முதுகு. அப்பாவும் அம்மாவும் கட்டட வேலைக்கு பெங்களூர் பஸ் ஏறுவது அதன் அடியில்தான், தங்கச்சி காலேஜ் பஸ் நிற்பதும் அதன் அடியில்தான். என் மகன் மெட்ராஸில் படத்தில் நிற்கிறான் என்று அப்பா எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறார். வா பார்க்கலாம் என்று மேஸ்திரியைக் கூட்டி வந்து காட்டுவார். மேஸ்திரி அண்ணாந்து பார்ப்பார், பார்த்துவிட்டுப் பீடியை எடுப்பார். அந்தப் பீடி பற்றுகிற நேரம்வரைக்கும் அப்பா எங்கே பார்ப்பார்? இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். ஜவுளி விளம்பரங்களுக்கு ஆள் எடுப்பதெல்லாம் கிளமென்ட்தான். அவர் வேண்டாமென்று சொன்னவனை வேறு யாரும் கூப்பிடமாட்டார்கள், அந்தப் பையன் தகராறு என்று ஒரு வார்த்தை போதும். இன்றைக்கு நிமிர்ந்தால் நாளையிலிருந்து ஜிம் ரிசப்ஷன்தான், குட்மார்னிங் சார், டவல் அங்கே இருக்கு சார்.

டவல். துண்டு. இடுப்பில் இறுக்கிக் கட்டியிருக்கிற இந்தத் துண்டு புதுசு, கஞ்சி மொடமொடப்பு, தொப்புளுக்கு மேலே குத்துகிறது. தாத்தாவின் துண்டு கிழிந்து நூல் நூலாக இருக்கும், அதில்தான் அத்தனை கதையும். அப்பா அம்மா பெங்களூர் போய்விட்டால் ராத்திரிக்குச் சோறு போடுவதும் கதை போடுவதும் தாத்தாதான். அவர் கதையில் எல்லா வேஷமும் துண்டுதான், தலையில் கட்டினால் ராஜா, தோளில் போட்டால் மந்திரி, முக்காடு போட்டால் ராணி, சுருட்டி அடித்தால் பாம்பு. சேவகன் வரும்போது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அப்படியே வளைவார், மூக்கு முட்டியைத் தொடுகிற மாதிரி, "ஆகட்டும் மகாராஜா!" நானும் தங்கச்சியும் உருண்டு உருண்டு சிரிப்போம், இன்னொருவாட்டி தாத்தா, இன்னொருவாட்டி. சிரித்துக்கொண்டே நாங்களும் செய்து பார்ப்போம். அப்படித்தான் கற்றிருக்கிறேன், யாரும் அடித்துச் சொல்லித்தரவில்லை, விளையாட்டாக, வயிறு நிறையச் சிரித்துக்கொண்டு. அப்புறம் ஒரு நாள் அவரோடு ரைஸ்மில்லுக்குப் போனேன். மில்காரர் வண்டியிலிருந்து இறங்கினார். தாத்தா தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினார், வளைந்தார். கதை சொல்லப்போகிறார் என்று நினைத்து நான் "உம்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. மில்காரர் உள்ளே போய்விட்டார், தாத்தா துண்டை உதறினார், தவிட்டு மூட்டையைத் தூக்கினார். வழியெல்லாம் நான் உம் உம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன், அவர் மேலே சொல்லவேயில்லை. அந்தக் கதையின் மிச்சம் என்ன? சேவகன் அப்புறம் என்ன ஆனான்? ராஜாவின் கதைகளுக்கெல்லாம் முடிவு இருந்தது, கல்யாணமாவது, சண்டையாவது. வளைந்தவன் வளைந்தபடியே கதைக்கு வெளியே போய்விடுவான், அவனை யாரும் நிமிரச் சொன்னதாக ஒரு கதையிலும் இல்லை.

"ரெடி. அர்னவ், சின் அப், ராயல், ராயல்! வேத், நீ காலைல நின்னியே, அதே." கிளமென்ட் குரல். பாதி மூச்சை விட்டேன். மீதியை வைத்துக்கொண்டேன். குதிகால், பின்புறம், தோள்பட்டை, பின்தலை. சுவர் இங்கே இல்லை, ஆனால் இருக்கிறது, குளிராக, மண்டைக்குப் பின்னால். பிளாஷ் வெடித்தது. "வேத், குனி." வெடித்தது. "தம்பி, குனிப்பா, தூக்கத்துல இருக்கியா?" வெடித்தது. ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் நான் இன்னும் கொஞ்சம் உயரமாகிறதுபோல இருந்தது. கிளமென்ட் கேமராவை இறக்கினார். "என்னாச்சு? முதுகு பிடிச்சுக்கிச்சா?" என்றார். இல்லை சார் என்றேன். என் குரல் எப்போதுமே சின்னது, பள்ளிக்கூடத்தில் உள்ளேன் ஐயா சொன்னால் வாத்தியாருக்குக் கேட்காது, இல்லாதவன் கணக்கில் போட்டுவிடுவார். "நிமிந்து நிக்கிறேன் சார். அப்படியே எடுங்க." "அப்படியே எடுத்தா நீ யாரு, அவரு யாரு? பக்கத்து வீட்டுக்காரங்க மாதிரி இருக்கு!" ஏகாம்பரம் அண்ணன் கேபிளுக்குப் பின்னாலிருந்து களுக்கென்று சிரித்துவிட்டு இருமுவதுபோல மாற்றிக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள். எவ்வளவு நல்லாயிருக்கும்.

பூபதி சார் எழுந்து வந்தார். தும்பைப் பூப்போல வேட்டி, சட்டை, அவர் கம்பெனித் துணியேதான், நடக்கும்போது சரசரவென்று கேட்டது. கோபமாக வரவில்லை, அதுதான் பயம். "இங்க பாரு கண்ணு, உன்னையவா குனியச் சொன்னோம்? கேரக்டரத்தானே சொல்றோம். அவனென்ன நெசமாவே ஜமீன்தாரா? அவனுக்கு வேட்டியே கட்டத் தெரியாது, பெல்ட்டு போட்டு உக்காந்திருக்கான். எல்லாம் வேசந்தானே?" என்றார். நல்ல கேள்வி, உள்ளே ஒரு விநாடி தடுமாறினேன். வேஷம்தான். ஆனால் அர்னவ் வேஷத்தைக் கலைத்தால் அது இங்கேயே கிடக்கும். என்னுடையது எனக்கு முன்னாலேயே பஸ் ஏறி ஊருக்குப் போய் இரும்புச் சட்டத்தில் ஏறி நிற்கும். இதை எப்படிச் சொல்வது. கரி பூசிய கன்னத்தில் வியர்வை கோடு இழுத்தது. "வேசமா இருந்தா யார் வேணா போடலாம்தானுங்களே சார்" என்று மட்டும் வந்தது. அவர் என்னையே பார்த்தார். "ஓஹோ. ஆள் இல்லைனு நெனச்சுட்டியா?" என்றார். அப்புறம் திரும்பி, "ஏனுங்க லைட்டுக்காரரே, இப்படி வாங்க. துண்டக் கட்டிட்டு நில்லுங்க, ரெண்டே நிமிசம்" என்றார்.

ஏகாம்பரம் அண்ணன் கையிலிருந்த டேப்பைக் கீழே வைத்தார், மறுபடி எடுத்தார். "நம்மளால முடியாது சார். இடுப்புல ப்ளேட்டு வெச்சிருக்கு. குனிஞ்சா அப்டியே லாக் ஆயிடும், அப்பாலிக்கா ஆம்புலன்ஸ்தான்." காலையிலிருந்து ஸ்டாண்டும், அது சாயாமல் இருக்க வைக்கிற மணல் மூட்டையுமாகத் தூக்கிய இடுப்பு அது. பூபதி சார் வாசலைப் பார்த்துத் தன் டிரைவரைக் கூப்பிட்டார். டிரைவர் உள்ளே வந்து, விஷயத்தைக் கேட்டு, நாற்காலியைப் பார்த்து, என்னைப் பார்த்து, நெளிந்தார். "ஏனுங்க... வூட்ல பொண்ணு பாத்துட்டிருக்காங்க. பொண்ணு வூட்டு ஆளுக ரோட்டுல இந்த போர்டப் பாத்துட்டாங்கன்னா அவ்வளவுதானுங்க. வேற எது வேணா சொல்லுங்க, வண்டிய மலை உச்சிக்கு ஏத்தச் சொல்லுங்க, ஏத்தறேன்." தில்ஷாத் அக்கா பிரஷ்ஷைத் துடைத்தபடி யாரையும் பார்க்காமல், "யாருக்கும் முதுகு சரியில்ல இன்னிக்கு" என்றாள். அர்னவுக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை, "பிரதர், லஞ்ச்?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டான். பயப்படுகிறவன் நிமிர்ந்து நிற்கமுடியாது என்று யார் சொன்னது. பயம் பாட்டுக்கு இருக்கட்டும். எடையை இரண்டு காலிலும் போட்டேன், பின்காலில் மட்டும் போட்டு ஒயிலாக நிற்கிற போஸ் இதற்கு ஆகாது.

பூபதி சாருக்கு முகம் சிவந்துவிட்டது. "இதென்னய்யா பெரிய வித்தையா? ஒரு நிக்கறதுக்கு இத்தன பேருகிட்டக் கெஞ்சோணுமா? கொண்டா அத" என்று கை நீட்டினார். துண்டை அவிழ்த்துக் கொடுத்தேன். அதைத் தன் இடுப்பில் இரண்டு சுற்று சுற்றி முடிந்தார். நாற்காலிக்குப் பின்னால், சற்று ஓரமாக, நான் நின்ற இடத்துக்கே வந்தார். நான் தள்ளி நின்றுகொண்டேன். "பாத்துக்கோங்க எல்லாரும். இப்படி. கையி ரெண்டும் இப்படி. கண்ணு அவன் காலைப் பாக்கோணும். மூஞ்சில ஒரு இது இருக்கோணும், நாயம் கேக்க வந்தவனாட்டம் இருக்கப்படாது, சொல்றதக் கேக்க வந்தவனாட்டம்..." சொல்லிக்கொண்டே வளைந்தார். விழுந்தது. எப்படிச் சொல்வது, போஸ் விழுவது என்று ஒன்று இருக்கிறது, கேமராவுக்கு முன்னால் நிற்கிறவர்களுக்குத் தெரியும், அதுவரை தனித்தனியாகக் கிடந்த கையும் தோளும் கழுத்தும் திடீரென்று ஒன்றாகிவிடும், ஹால் முழுக்க ஒரு அமைதி வரும். வந்தது. காதோரம் நரைமுடி, சரிந்த கண்ணிமை, உதட்டில் அந்த ஒரு இது, எல்லாம் இருந்தது. கிளமென்ட்டைக் குற்றம் சொல்லமாட்டேன். அத்தனை வருஷம் பழகிய விரல், போஸ் விழுந்தால் அது அவரைக் கேட்காது. பிளாஷ் வெடித்தது.

மானிட்டரில் படம் வந்து நின்றது. மும்பைப் பையன் காலைச் சற்று நீட்டி ராஜாவாக உட்கார்ந்திருக்கிறான். அவன் கால் பெருவிரலைப் பார்த்தபடி ஈரோட்டு முதலாளி நிற்கிறார், தும்பைப் பூ வேட்டியில், இடுப்பில் துண்டோடு, இவ்வளவு காலமும் இங்கேயேதான் நின்றுகொண்டிருந்தவர்போல. நல்ல படம். பொங்கலுக்குப் போடலாம். அர்னவ் எட்டிப் பார்த்து, "குட் ஷாட் சார்!" என்று கட்டைவிரல் காட்டினான், அவனுக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. பூபதி சார் நிமிர்ந்து மானிட்டரிடம் வந்தார். பார்த்தார். நான் படத்தைப் பார்க்கவில்லை, பார்க்கிறவரைப் பார்த்தேன். இதை இவர் எங்கே கற்றிருப்பார். யார் அறை வாசலில், எந்த மேஜைக்கு இந்தப் பக்கத்தில், எந்த வயதில். அவருக்கும் யாரும் சொல்லித்தந்திருக்கமாட்டார்கள். அவர் அப்பாவை எங்கேயோ பார்த்திருப்பார், ஒரு வாசலில், பக்கத்தில் நின்று. பாவமாக இருந்ததா? ஒரு விநாடி இருந்தது. அந்தப் பாவத்தைக் கூப்பிட்டு, போய் ஓரமாக உட்கார் என்றேன். இவர் குனிந்தது ஒரு விநாடி, அதற்கே இந்த முகம். என்னை வீடு அளவுக்குக் குனியச் சொன்னார்.

"அழிச்சுருங்க" என்றார். "அழிச்சிட்டேன் சார்." "கம்ப்யூட்டர்லயும்." "கம்ப்யூட்டர்லயும் சார்." கிளமென்ட் குரல் என் குரலைவிடச் சின்னதாகியிருந்தது. "அவன் ஒருத்தன மட்டும் வெச்சு எடுங்க. பின்னால ஒண்ணும் வேண்டாம். ஒரு குத்துவிளக்கு வெய்யுங்க" என்றார் பூபதி சார். உடனே யாரோ சாப்பாடு வந்துவிட்டது என்றார்கள், உண்மையில் வந்ததோ இல்லையோ, எல்லாரும் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார்கள். அர்னவ் பெல்ட்டைத் தளர்த்தியபடி முதலில் போனான். கிளமென்ட் லென்ஸை மூடினார், என் பக்கம் திரும்பாமலேயே, "இனிமே உன்னக் கூப்பிடறது கஷ்டம் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். சரி சார் என்றேன், கேட்டிருக்காது. ஏகாம்பரம் அண்ணன் பெரிய விளக்கை அணைக்காமலே விட்டுப் போனார், மறந்தாரோ என்னவோ. தில்ஷாத் அக்கா ஈரப் பஞ்சை என் கையில் திணித்துவிட்டு, "நீயே தொடச்சுக்க, எனக்குக் கை ஓடல" என்று போனாள்.

மிஞ்சியது நானும் பூபதி சாரும். அவர் இடுப்பில் துண்டு இன்னும் இருந்தது, முடிச்சு இறுகிவிட்டது, நகத்தால் கிளறிக்கொண்டிருந்தார். நான் போய் அவிழ்த்துவிடலாம், இரண்டு எட்டுதான். அவிழ்ப்பதற்கு நான் குனியவேண்டியிருக்கும். போகவில்லை. "எந்த ஊரு நீ?" என்றார் முடிச்சைப் பார்த்தபடி. "தர்மபுரிப் பக்கம் சார்." "அப்பா என்ன பண்றாரு?" "பெங்களூர்ல கட்டட வேலை." அடுத்த கேள்வி எனக்குத் தெரியும், எல்லாரும் கேட்பது, ஊரில் எந்தத் தெரு என்பது, ஜாதியைக் கேட்காமலே கேட்கிற கேள்வி. அதற்கும் பதிலை எடுத்து வைத்துக்கொண்டு நின்றேன், தாடையைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, கண்ணை இறக்காமல். கேளுங்கள் சார், இன்றைக்குக் கேளுங்கள், சத்தமாகவே சொல்கிறேன். அவர் வாயைத் திறந்தார், அந்தக் கேள்வி வரவில்லை. விளக்கின் சூடு இருவர்மீதும் ஒரேபோல விழுந்துகொண்டிருந்தது. முடிச்சு அவிழ்ந்தது. துண்டை எடுத்துத் தோளில் போடப் போனார், ஏதோ தோன்றி நிறுத்தினார், என்னிடம் நீட்டப் போனார், அதையும் நிறுத்தினார். அப்புறம் அதைக் கையில் பந்தாகச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, வெள்ளை வேட்டி சரசரக்க, தெர்மகோல் தூணைச் சுற்றிக்கொண்டு, வாசலைப் பார்த்து நடந்து போனார்.